காமாலைக் கண்ணும் கேமராவின் கண்ணும்

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்துவிட்டோம். காமாலை வந்து படுத்து எழுந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். சுவர் மஞ்சளாகத் தெரிந்ததா, சோறு மஞ்சளாகத் தெரிந்ததா என்று. எனக்குப் பதினான்கு வயதில் வந்தது. வீட்டில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள். கீழாநெல்லி பச்சையாகவும் மோர் வெள்ளையாகவும்தான் இருந்தன. மஞ்சளாக இருந்தது என் கண். அதைப் பார்த்தவர்கள் மற்றவர்கள்.

பழமொழி வேறு எதற்கோ சொன்னது, அதன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதற்குள் ஒரு பழக்கம் ஒளிந்திருக்கிறது. ஒருவனை வெளியே நின்று பார்க்கிறோம். அவன் கண் மஞ்சளாக இருக்கிறது. உடனே அவன் காணும் உலகமும் மஞ்சள் என்று முடிவு கட்டிவிடுகிறோம். மனநோயையும் போதைப் பழக்கத்தையும் 'உள்ளே இருந்து' காட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும் பல படங்கள் இதைத்தான் செய்கின்றன. கேமராவைச் சாய்ப்பார்கள், பச்சை விளக்குப் போடுவார்கள், குரலை எதிரொலிக்க விடுவார்கள். நாமும் வெளியே வந்து "செம சைக்கோ படம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிறோம்.

உள்ளே இருந்து காட்டுவது என்றால் உண்மையில் என்ன, அதைக் கேமரா எப்படிச் செய்கிறது, மூளைக்குள் நடப்பதோடு அது எங்கே ஒத்துப்போகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம். சினிமாவோ மருத்துவமோ படித்திருக்க வேண்டியதில்லை. சில படங்களின் முடிச்சுகளை மட்டும் அவிழ்க்க வேண்டிவரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராட்டினத்திலிருந்து இறங்கியவன்

திருவிழாவில் ராட்டினம் சுற்றிவிட்டு ஒருவன் இறங்குகிறான். கீழே நிற்கும் நமக்கு அவன் தள்ளாடுகிறான். அவனைக் கேட்டால் "தரை சுத்துது" என்பான். காதுக்குள் இருக்கும் திரவம் இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது. அது அனுப்பும் தகவலை மூளை நம்புகிறது. நடப்பது ஒன்றுதான். வெளியே இருந்து சொன்னால் 'தள்ளாடுகிறான்', உள்ளே இருந்து சொன்னால் 'தரை சுற்றுகிறது'. ஒரு படம் இந்த இரண்டில் எதைக் காட்டப்போகிறது என்பதுதான் முதல் கேள்வி.

தமிழில் இது புதிய சங்கதி இல்லை. சங்க அகப்பாடல்களில் கதைசொல்லி என்று தனியாக யாரும் கிடையாது. ஒவ்வொரு பாட்டும் ஒருவர் கூற்று: தலைவி கூற்று, தோழி கூற்று, வளர்ப்புத் தாயான செவிலியின் கூற்று. ஒரே காதல் நோயைச் செவிலி சொன்னால் மகள் மெலிந்துபோனாள் என்று இருக்கும். தலைவியே சொன்னால்? குறுந்தொகையின் 28-ஆம் பாட்டில் ஔவையார் அவளைப் பேசவிடுகிறார். முட்டுவேனா, தாக்குவேனா, 'ஆ, ஒல்' என்று கத்துவேனா என்று தவிக்கிறாள். எதற்கு? தன் நோய் தெரியாமல் தூங்கும் ஊரை எழுப்ப. அந்தப் பாட்டில் பைத்தியமாகத் தெரிவது அவள் இல்லை, அந்த ஊர்.

இந்தக் கண்ணோடு நம் படங்களைப் பார்த்தால் பெரும்பாலானவை செவிலி கூற்று. 2005-இல் சில வாரங்கள் இடைவெளியில் 'சந்திரமுகி'யும் 'அந்நியன்'னும் வந்தன. இரண்டிலும் ஒரு மனநல மருத்துவர் வருகிறார். கங்காவுக்கு என்ன ஆயிற்று, அம்பிக்கு என்ன ஆயிற்று என்று மற்றவர்களை உட்காரவைத்து விளக்குகிறார். கங்காவாக இருப்பது எப்படி இருக்கும் என்று கங்கா சொல்வதில்லை. இதனால் அவை மோசமான படங்கள் ஆகிவிடாது. ஜோதிகா கண்ணை உருட்டியபோது நானும் சீட்டை இறுகப் பிடித்தவன்தான். ஆனால் அந்தப் பயம் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பவனின் பயம்.

வாசலில் நிற்கும் பார்வைக்கு நிஜ வாழ்க்கையில் விலை உண்டு. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலை ஏர்வாடியில் மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. இறந்தவர்கள் 28 பேர். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. ஓடிவிடுவார்கள், அடித்துவிடுவார்கள் என்று வெளியே நின்றவர்கள் பயந்து போட்ட சங்கிலி அது.

சுருக்கமாக: நோயாளி எப்படித் தெரிகிறார் என்பது ஒரு கதை. நோயாளிக்கு எப்படித் தெரிகிறது என்பது இன்னொரு கதை.

கண் பார்ப்பதும் மனம் நம்புவதும்

சரி, உள்ளே போக வேண்டும் என்று ஓர் இயக்குநர் முடிவு செய்துவிட்டார். அவருக்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, பாத்திரத்தின் கண் இருக்கும் இடத்தில் கேமராவை வைப்பது. இதைப் பார்வைக்கோண ஷாட் என்பார்கள். குடித்தவன் நடக்கும்போது சாலை மங்கலாகி இரண்டாகத் தெரியுமே, அதுதான். செய்வது சுலபம். ஆனால் அது கண்ணை மட்டும்தான் கடன் வாங்குகிறது. மங்கலாகத் தெரியும் சாலையைப் பார்க்கும் நமக்கு 'இது போதையில் தெரியும் சாலை' என்று தெளிவாகத் தெரியும். நாம் நிதானமாகத்தான் இருக்கிறோம்.

இரண்டாவது வழியை, பெயர் வேண்டுமே என்பதற்காக, அகக்காட்சி என்று வைத்துக்கொள்வோம். இதில் கேமரா வெளியே நிற்கலாம், பாத்திரத்தின் முகத்தையும் காட்டலாம். ஆனால் அவரைச் சுற்றிக் காட்டப்படும் உலகம் அவர் நம்பும் உலகம். நமக்கு அது அவர் நம்புவது மட்டும்தான் என்று யாரும் சொல்வதில்லை.

இதற்கு நல்ல உதாரணம் நம் கனவு. இறந்துபோன தாத்தா வருவார், காபி கேட்பார். நாமும் போட்டுக் கொடுப்போம். "நீங்கதான் செத்துட்டீங்களே தாத்தா" என்று கேட்கத் தோன்றாது. விசித்திரமான காட்சி மட்டும் கனவை உண்டாக்கிவிடாது. விசித்திரத்தை விசித்திரம் என்று கண்டுபிடிக்கும் ஆள் மூளைக்குள் அப்போது தூங்குகிறார், அதனால்தான் அது கனவு. கடுமையான மனநோயிலும் பல நேரம் இந்த ஆளுக்குத்தான் அடி விழுகிறது. தனக்கு நடப்பது நோய் என்று தனக்கே தெரிவதை மருத்துவர்கள் நோயறிவு என்கிறார்கள். காலில் முள் குத்தினால் நோயறிவு தானாக வரும். மனச்சிதைவு என்ற ஸ்கிட்சோஃப்ரினியாவில் அது நோயோடு சேர்ந்தே போய்விடுவதுண்டு. "மாத்திரை சாப்பிடுங்க" என்றால் "எனக்கு என்ன நோய்?" என்று கேட்பவர் பிடிவாதக்காரர் இல்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

1920-இல் ஜெர்மனியில் ராபர்ட் வீனா எடுத்த 'த கேபினட் ஆஃப் டாக்டர் காலிகாரி' இந்த வழியில் பெரிய முதல் அடி. கதை சொல்லிக்கொண்டிருந்தவன் மனநலக் காப்பகத்தில் இருப்பவன் என்பது கடைசியில்தான் தெரியும். அதுவரை அவன் சொன்னதை நாம் நம்பிக்கொண்டிருப்போம். அந்தப் பாதி அபாரம். மறு பாதி, கோணல் சுவர்கள், சாய்ந்த ஜன்னல்கள், செட்டின் மேலேயே தீட்டிய நிழல்கள். அழகுதான், நூறு ஆண்டு கழித்தும் பிரதியெடுக்கிறார்கள். ஆனால் அந்த அழகு காமாலைப் பழமொழியின் அழகு. மனம் கோணியவனுக்குச் சுவர் கோணலாகத் தெரியும் என்று வெளியே நிற்பவன் ஊகித்தது.

தமிழில் யாரும் முயலவே இல்லை என்று சொல்ல முடியாது. ஏர்வாடி எரிந்த அதே 2001-இன் நவம்பரில் வந்த 'ஆளவந்தா'னில் நந்துவுக்கு வன்முறை கார்ட்டூனாகத் தெரியும். அடிபடுவது மனித உடல் என்பது அவனுக்கு உறைக்காமல் போவதை அந்தக் கார்ட்டூன் ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது. மற்றபடி அந்தப் படமும் நோயாளி என்றால் கொலைகாரன் என்ற பழைய பாதையில்தான் போகிறது. பெரும்பாலான நோயாளிகள் யாரையும் அடிப்பதில்லை, அடிவாங்குகிறார்கள்.

சுருக்கமாக: கண்ணைக் கடன் வாங்கினால் போதாது, நம்பிக்கையைக் கடன் வாங்க வேண்டும். கோணல் சுவரைவிட நேரான சுவர்தான் நம்மை ஏமாற்றும்.

கிச்சுகிச்சும் குரல்களும்

என் சித்தப்பா ஒருவருக்கு இருபத்தைந்து ஆண்டுகளாக மனச்சிதைவு. மாத்திரையில் நன்றாக இருக்கிறார். மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறார், என்னைவிட வேகமாகக் கூட்டுவார். ஒருமுறை அவரிடம் கேட்டேன், அந்தக் குரல் எப்படி இருக்கும் சித்தப்பா, பேய்ப் படத்தில் வருவது மாதிரி இருக்குமா என்று. சிரித்தார். "பக்கத்து ரூம்ல இருந்து நீ கூப்பிடுற மாதிரிதான்டா இருக்கும். வித்தியாசமா இருந்தா நான் ஏன்டா ஏமாறப்போறேன்?"

வெளியே எதுவும் இல்லாமலே கேட்பது, தெரிவது, மணப்பது இவற்றுக்கு மாயப்புலனுணர்வு என்று பெயர். மனச்சிதைவில் அதிகம் வருவது கேட்பது. உருவம் தெரிவது அதைவிடக் குறைவு. ஏன் குரல்? ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள உங்கள் அக்குளில் நீங்களே கிச்சுகிச்சு மூட்டிப் பாருங்கள். வராது. கைக்கு 'அசை' என்று கட்டளை போகும்போதே மூளை தனக்கொரு நகலையும் எடுத்துக்கொள்கிறது: 'இப்போது வரும் தொடுதல் நம்முடையது, கண்டுகொள்ளாதே.' அடுத்தவர் தொட்டால் அந்த நகல் இருக்காது, அதனால் நெளிகிறோம். இதேபோல நாம் மனதுக்குள் பேசிக்கொள்ளும்போதும் 'இது நம் பேச்சு' என்ற முத்திரை விழ வேண்டும். அந்த முத்திரை விழத் தவறினால், சொந்த நினைப்பே அடுத்தவர் பேச்சாகக் கேட்கும்.

கதாநாயகனுக்குக் குரல் கேட்பதைச் சினிமாவில் ஒலியால்தான் காட்ட முடியும். லாட்ஜ் கெரிகன் 1993-இல் எடுத்த 'க்ளீன், ஷேவன்' அதைச் செய்தது. தன் தலைத்தோலுக்குள் ரிசீவரும் விரல்நகத்துக்குள் டிரான்ஸ்மிட்டரும் வைத்திருக்கிறார்கள் என்று நம்பும் ஒருவனின் கதை. மின்கம்பி இரைச்சல், அலைவரிசை சரியாகக் கிடைக்காத ரேடியோ, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பேச்சு. எது அவன் தலைக்குள், எது ரோட்டில் என்று பிரிக்கவே முடியாது. நகக் காட்சியைப் பார்க்க எனக்குத் தைரியம் போதவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இதற்கு நேரெதிர் ரான் ஹோவர்டின் 'எ பியூட்டிஃபுல் மைண்ட்'. 2001-இல் வந்தது. 1994-இல் பொருளாதார நோபல் பெற்ற கணிதவியலாளர் ஜான் நாஷின் கதை. நிஜ நாஷுக்குக் கேட்டவை குரல்கள். படத்தில் அவை மனிதர்களாகிவிட்டன: கல்லூரி அறைத்தோழன், அவனுடைய அண்ணன் மகளோ அக்கா மகளோ ஒரு சிறுமி, ரகசிய வேலை கொடுக்கும் அரசாங்க ஆள். மருத்துவத் தகவல் என்று பார்த்தால் இது தப்பு. ஆனால் இந்தத் தப்பால் ஒன்று கிடைத்தது. அறைத்தோழன் கதவைத் திறந்துகொண்டு வருகிறான், ஜோக் அடிக்கிறான், நமக்குப் பிடித்துப்போகிறது. பாதிப் படத்தில் மருத்துவர் 'அப்படி ஓர் ஆளே இல்லை' என்று சொல்லும்போது நாஷைப்போலவே நாமும் மருத்துவரைத்தான் சந்தேகிக்கிறோம். தகவலில் பிசகி, அனுபவத்தில் சரியாக விழுந்த படம்.

இல்லாத சதியை இருப்பதாக நாஷ் நம்புகிறார் அல்லவா, எந்த ஆதாரத்தாலும் அசைக்க முடியாத அப்படிப்பட்ட நம்பிக்கைக்கு மருட்சி என்று பெயர். பத்திரிகையைத் திறந்தால் அவருக்குச் சில எழுத்துகள் மட்டும் ஒளிரும். இது ஓரளவு உண்மைக்குப் பக்கம். எதைக் கவனிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று மூளை ஓயாமல் தரம் பிரிக்கிறது. அந்தத் தராசு கெட்டால் எல்லாமே முக்கியமாகப் படும். எதிர் வீட்டு ஜன்னல் மூடியது, பேருந்தின் எண், யாரோ இருமியது, எல்லாவற்றுக்கும் அர்த்தம் இருக்கிறாற்போல. அவ்வளவு அர்த்தங்களை ஒரே நூலில் கோக்க ஒரு சதிக்கதை தேவைப்படுகிறது. பைத்தியக்காரத்தனம் என்று நாம் சொல்வது பல நேரம் அளவுக்கு மீறிய தர்க்கம்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மனச்சிதைவு வேறு, ஒருவருக்குள் பல ஆளாக இருப்பது வேறு. சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் 1908-இல் 'பிளவு', 'மனம்' என்ற இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஸ்கிட்சோஃப்ரினியா என்று பெயர் வைத்தார். எண்ணம் ஒரு பக்கம், உணர்ச்சி ஒரு பக்கம் என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் போவதைத்தான் பிளவு என்றார். அதை ஊரே 'ஸ்பிலிட் பர்சனாலிட்டி' என்று எடுத்துக்கொண்டது. அம்பிக்கும் அந்நியனுக்கும் உள்ள உறவுக்குப் பெயர் பல ஆளுமைக் கோளாறு. மிக அரிதானது, சினிமாவில் மட்டும் அடிக்கடி வரும்.

சுருக்கமாக: குரல் என்பது முத்திரை விழாத சொந்தப் பேச்சு. மருட்சி என்பது தராசு கெட்ட மூளை கட்டிய கதை. கேட்பவருக்கும் நம்புபவருக்கும் இரண்டும் நிஜம்.

கடிகாரத்தை யார் எடுத்தது

எனக்குத் தெரிந்து அகக்காட்சியை முழுமையாகச் செய்த படம் 'த ஃபாதர்'. ஃப்ளோரியன் செல்லர் தன்னுடைய பிரெஞ்சு நாடகத்தைத் தானே 2020-இல் படமாக்கினார். லண்டனில் ஒரு அடுக்குமாடி வீடு, அதில் ஆண்டனி என்ற முதியவர், மறதிநோய். நடித்தவர் ஆண்டனி ஹாப்கின்ஸ். அதற்கு ஆஸ்கர் வாங்கும்போது அவருக்கு 83 வயது.

இந்தப் படத்தில் கேமரா சாயாது. எதிரொலி கிடையாது. வெளிச்சம் வெளிச்சமாகவே இருக்கும். மாறுவது வீடு. கூடத்தில் இருந்த நாற்காலி அடுத்த காட்சியில் வேறு நாற்காலி. சமையலறைச் சுவரின் நிறம் மாறியிருக்கும். கணப்புக்கு மேலே மாட்டியிருந்த ஓவியம் இருக்காது. அறைகளின் அமைப்பு மட்டும் அப்படியே. நமக்கு லேசாக உறுத்தும், ஆனால் 'முதலில் இப்படித்தான் இருந்ததோ' என்று நம் நினைவையே சந்தேகிப்போம். அதுதான் இயக்குநருக்கு வேண்டியது. சந்தேகப்படுபவர் இப்போது ஆண்டனி மட்டும் இல்லை.

பிறகு முகங்கள். மகளாக ஒலிவியா கோல்மன் வருகிறார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு வேறொரு பெண், ஒலிவியா வில்லியம்ஸ், கோழிக்கறி வாங்கிக்கொண்டு வந்து 'அப்பா' என்கிறார். ஆண்டனியின் முகத்தில் ஒரு கணம் திகில், அடுத்த கணம் சமாளிப்பு. அந்தச் சமாளிப்பைக் கவனியுங்கள். வீட்டில் மறதிநோய்க்காரர்கள் இருந்தால் உங்களுக்குப் பழக்கமான முகம் அது. தெரியாததைத் தெரிந்ததுபோலக் காட்டிக்கொள்ளும் ஒரு சின்னச் சிரிப்பு.

இந்த நோயில் உள்ளே நடப்பது என்ன? அல்சைமர் வகை மறதிநோயில் முதலில் அடிபடும் பகுதிகளில் ஒன்று ஹிப்போகேம்பஸ். புதிதாக நடப்பதைப் பதிவேட்டில் ஏற்றும் குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். குமாஸ்தா லீவு. பழைய பதிவேடுகள் வெகுநாள் பத்திரமாக இருக்கும். அறுபது வருடத்துக்கு முந்தைய வாத்தியார் பெயர் வரும், காலையில் சாப்பிட்டது வராது. நடுவில் விழும் ஓட்டையை மூளை சும்மா விடாது. கையில் கிடைத்த முகத்தையும் சம்பவத்தையும் வைத்து அடைத்துவிடும். இதை இட்டுநிரப்பல் என்பார்கள். பொய் சொல்பவருக்குத் தான் சொல்வது பொய் என்று தெரியும், இட்டுநிரப்புபவருக்குத் தெரியாது.

இதை வைத்துக்கொண்டு படத்தில் வரும் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். பணிப்பெண் திருடிவிட்டாள் என்கிறார் ஆண்டனி. குளியலறையில் அவரே ஒளித்துவைத்தது. நம் வீடுகளிலும் இந்தச் சண்டை உண்டு. "என் வளையலை வேலைக்காரி எடுத்துட்டா", "மருமக எடுத்துட்டா" என்று பாட்டி சொல்வார், பிறகு அது அரிசிப் பானையிலிருந்து வரும். வீட்டில் எல்லோருக்கும் கோபம் வரும். ஆனால் பாட்டியின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். அரிசிப் பானையில் ஒளித்த செயல் பதிவேட்டில் ஏறவே இல்லை. வைத்த இடத்தில் வளையல் இல்லை. வீட்டுக்கு வந்துபோனவள் ஒருத்திதான். யாராக இருந்தாலும் இதே முடிவுக்குத்தான் வருவோம். அவருடைய தர்க்கம் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, அதற்குக் கொடுத்த தகவல்தான் குறைவு.

கடைசியில் அந்த இன்னொரு பெண் யார் என்று தெரியும்போது படம் முழுவதும் திரும்ப ஓடும். முதியோர் இல்லத்துச் செவிலியின் முகத்தைத்தான் மூளை எடுத்து மகளின் இடத்தில் ஒட்டியிருக்கிறது. முதல்முறை பார்த்துவிட்டு நான் சமையலறைக்குப் போய் டப்பாக்கள் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தேன்.

பிடிக்கிறதும் வேணுங்கிறதும்

போதையைப் பற்றிய பேச்சில் ஒரு பெரிய தவறு உண்டு. அது சுகத்துக்காகச் செய்வது என்று நினைக்கிறோம். ஆரம்பத்தில் அப்படித்தான். பிறகு?

உங்கள் போனை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கும்போது கை தானாகப் பைக்குள் போகிறது. திறக்கிறீர்கள், புதிதாக ஒன்றுமில்லை, மூடுகிறீர்கள், அரை நிமிடத்தில் மறுபடி திறக்கிறீர்கள். இதில் சுகம் எங்கே இருக்கிறது? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெர்ரிஜும் டெர்ரி ராபின்சனும் இதைத்தான் பிரித்துக் காட்டினார்கள். 'பிடிக்கிறது' என்பதற்கும் 'வேணும்' என்பதற்கும் மூளையில் தனித்தனி ஏற்பாடு. டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுகத்தின் ரசாயனம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பெரும்பாலும் 'வேணும்' பக்கத்து ஆள். டோபமைன் இல்லாமல் செய்யப்பட்ட எலியின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை வைத்தால் ருசித்துச் சப்புக்கொட்டுகிறது. ஆனால் எழுந்துபோய்ச் சாப்பிட அதற்குத் தோன்றுவதில்லை. போதை அடிமைத்தனத்தில் நடப்பது இதன் தலைகீழ். 'வேணும்' வளர்ந்துகொண்டே போகும், 'பிடிக்கிறது' தேய்ந்துகொண்டே வரும்.

டேரன் அரோனாஃப்ஸ்கியின் 'ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்' (2000) இதைப் படத்தொகுப்பிலேயே காட்டியது. ஹெராயின் எடுக்கும் காட்சி இரண்டு மூன்று நொடிதான்: பொட்டலம் கிழியும், தீப்பொறி, கொதிக்கும் குமிழி, கண்ணின் பாப்பா விரியும், முடிந்தது. சுகத்தை நின்று காட்டவே இல்லை, சடங்கை மட்டும் காட்டுகிறது. அதே சடங்கு அதே சத்தத்தோடு மறுபடி மறுபடி வரும். சாதாரணப் படத்தில் ஷாட்டுக்கு ஷாட் தாவும் வெட்டுகள் 600, 700 இருக்கும். இதில் ஏறத்தாழ 2000.

இன்னும் முக்கியமானது, ஹெராயின் எடுக்கும் மகனுக்கும் உடல் மெலிய மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்கும் ஒரே தாளம். அம்மா சாராவாக எலன் பர்ஸ்டின். டிவி நிகழ்ச்சிக்குக் கூப்பிடுவார்கள் என்று நம்பி, பழைய சிவப்பு கவுனுக்குள் நுழைய வேண்டும் என்று மாத்திரைக்குப் போகிறாள். எழுதிக் கொடுக்கும் டாக்டர் அவள் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. மகன் செய்வதைக் குற்றம் என்றும் அம்மா செய்வதை வைத்தியம் என்றும் ஊர் சொல்கிறது. மூளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இதே படத்தில் கேமராவை நடிகரின் உடம்போடு கட்டிவிடும் ஓர் உத்தி வரும். ஒரு வீட்டிலிருந்து வெளியேறி நடக்கும் பெண்ணின் முகம் திரையின் நடுவில் ஆடாமல் நிற்கும், அவளுக்குப் பின்னால் உலகம் தள்ளாடும். ராட்டினத்திலிருந்து இறங்கியவன் சொன்னானே, அதே.

ஒன்று மட்டும் எனக்கு உடன்பாடில்லை. படம் கோடை, இலையுதிர், குளிர் என்று மூன்று பகுதி, வசந்தமே கிடையாது. முக்கியப் பாத்திரங்கள் நால்வரும் அடிமட்டத்துக்குப் போய் முடிகிறார்கள். மீண்டு வருபவர்கள் நிறையப் பேர் உண்டு, பலமுறை சறுக்கித்தான் வருகிறார்கள். அந்தச் சலிப்பூட்டும் நீண்ட பாதையைப் படமெடுக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

வடத்தை விட்டால் விழுவது யார்

கட்டிங்கில் தொடங்கியவர் குவார்ட்டருக்கு வருவார், பிறகு ஆஃப். அதே போதைக்கு அதிக அளவு தேவைப்படுவது தாங்குதிறன். இது ஏன் என்பதற்கு வடம் இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மது மூளையை மந்தமாக்கும் பக்கம் இழுக்கிறது. மூளை சும்மா இருக்காது, எதிர்ப்பக்கம் தன்னை முடுக்கிவிட்டு இழுத்து நிற்கும். தினமும் குடித்தால் தினமும் இழுக்கும், பலமும் கூடும். ஒருநாள் குடிப்பவர் "இனிமேல் தொடமாட்டேன்" என்று சத்தியம் செய்து வடத்தைச் சட்டென்று விட்டுவிடுகிறார். எதிர்ப்பக்கம் முழுப் பலத்தோடு இழுத்துக்கொண்டிருந்த மூளை தடாலென்று விழுகிறது. கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு. இவை விலகல் அறிகுறிகள். அதன் உச்சத்தில், குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில், சிலருக்குச் சுவரில் பூச்சி ஊரும், எலி ஓடும். உயிருக்கே ஆபத்தான நிலை அது. நெடுநாள் அதிகம் குடித்தவர் மருத்துவர் துணையில்லாமல் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது என்பது இதனால்தான்.

1945-லேயே பில்லி வைல்டர் 'த லாஸ்ட் வீக்கெண்ட்'டில் இதைச் சரியாகப் பிடித்துவிட்டார். குடிநோயாளிகள் வார்டில் ஒரு பணியாளர் கதாநாயகனிடம் சொல்வார், யானை வரும் என்பதெல்லாம் கதை, வருவது குட்டிக் குட்டிப் பிராணிகள் என்று. அவன் வீட்டுக்குத் தப்பி வந்து உட்கார்ந்திருக்கும்போது சுவர் விரிசலிலிருந்து ஒரு சுண்டெலி எட்டிப் பார்க்கும், வௌவால் ஒன்று அதன்மேல் பாயும். கவனியுங்கள், இது அவன் குடித்ததால் வந்ததில்லை, குடி உடம்பைவிட்டு இறங்கியதால் வந்தது.

ஹெராயின் வேறு மாதிரி. அது மூச்சையே மெதுவாக்கும், அளவு மீறினால் மூச்சு நின்றுபோகும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது மரண பயம். உள்ளே? 1996-இல் வந்த டேனி பாய்லின் 'டிரெயின்ஸ்பாட்டிங்'கில் ரென்டன் அளவு மீறிப் போட்டுக்கொண்டதும் சிவப்புக் கம்பளத்தோடு தரைக்குள் அமிழ்வான். அதன்பின் நாம் பார்ப்பதெல்லாம் அந்தக் குழிக்குள்ளிருந்து, இரண்டு பக்கமும் கம்பளம் மறைக்க. தெருவில் இழுக்கிறார்கள், டாக்சியில் போடுகிறார்கள், ஆஸ்பத்திரி விளக்குகள் ஓடுகின்றன. பின்னணியில் ஓர் இதமான பாட்டு. அலறல் இல்லை, போராட்டம் இல்லை. சவக்குழியைப் போர்வையாக நினைத்துக் கிடக்கிறான். எவ்வளவு பயங்கரமான போதை எதிர்ப்பு விளம்பரப் படமும் இதைச் சொன்னதில்லை.

சுருக்கமாக: தாங்குதிறன் என்பது மூளை எதிர்த்து இழுப்பது. விலகல் என்பது வடம் விட்டுப்போனதும் விழுவது. போதையின் நடுப்பகுதியில் சுகம் மிகக் குறைவு.

படமெடுக்க முடியாதது

மனச்சோர்வு இருக்கிறதே, அதுதான் கேமராவுக்குக் கஷ்டம். அதில் ஒன்றுமே நடப்பதில்லை. குரல் இல்லை, சதி இல்லை, எலி இல்லை. லார்ஸ் வான் ட்ரியர் 'மெலன்கோலியா'வில் (2011) இரண்டு சின்னக் காட்சிகளில் சமாளித்தார். குளிக்கத் தொட்டிக்குள் கால் வைக்க நாயகி ஜஸ்டினால் முடியவில்லை, அக்கா தாங்கிப் பிடித்தும் முடியவில்லை. பிடித்த உணவைப் போட்டுக் கொடுத்தால் சாம்பல் மாதிரி இருக்கிறது என்று அழுகிறாள். அவ்வளவுதான். "எழுந்து குளிச்சா சரியாயிடும்" என்று சொல்பவர்களுக்கு நான் அந்தத் தொட்டிக் காட்சியைத்தான் போட்டுக் காட்டுவேன்.

அகக்காட்சியை வெறும் திருப்பமாகப் பயன்படுத்துவது இன்னொரு சறுக்கல். 'அவன்தான் இவன்' என்று இடைவேளையிலோ கிளைமாக்ஸிலோ உடைத்துவிட்டு, அதோடு நோயையும் மறந்துவிடுவது. நோய்க்காரருக்கு அந்தத் திருப்பத்துக்குப் பிறகுதான் வாழ்க்கை தொடங்குகிறது. எது குரல், எது மனிதர் என்று ஒவ்வொரு நாளும் சரிபார்த்து வாழ வேண்டும். சித்தப்பா இன்றும் யாராவது கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டார். பக்கத்தில் இருப்பவர் திரும்புகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்.

நாஷின் படத்தைச் சித்தப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அதில் ஒரு நுட்பம் உண்டு. அந்தச் சிறுமி புறாக்கூட்டத்துக்கு நடுவே ஓடுவாள், ஒரு புறாகூடப் பறக்காது. அவள் நிஜமில்லை என்று படம் நமக்குக் கொடுக்கும் குறிப்பு. இரண்டாவது முறை பார்க்கும்போது கண்டுபிடித்த பெருமையில் படத்தை நிறுத்தி அவருக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குன்னா அந்தப் புறா பறந்திருக்கும்டா" என்றார்.